மிதிக்கச் சொன்னவர்

அந்தத் தெருக்களில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மிதியார் என்றால்தான் தெரியும். பழைய சாமான் வாங்குவது தொழில். தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போவார். குடித்துவிட்டு மூலையில் போட்ட குளிர்பான டின்களையும் பாட்டில்களையும் வாங்கி, வாசலிலேயே போட்டு மிதித்துத் தட்டையாக்கி மூட்டை கட்டுவார். காலி டின்னில் முக்கால்வாசி காற்றுதான், காற்றைச் சுமந்துகொண்டு ஊர் சுற்ற எனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்பார். எடைக்கடையில் காற்றுக்குக் காசு தருவதில்லை என்பதால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மிதிப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். டின்னைப் படுக்கப் போட்டு இடுப்பில் குதிகாலால் ஓர் அழுத்து. பிறகு தலையையும் அடியையும் உள்பக்கமாக மடக்கி ஒரு தட்டு. கடைசியில் முழுப் பாதமும் பட ஒரே மிதி. பிளாஸ்டிக் பாட்டில் என்றால் காற்றைப் பிழிந்து வெளியேற்றிவிட்டு மூடியை இறுக்கிவிடுவார். இதைத் தான் மட்டும் செய்தால் போதாதென்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தார். "மிதிச்சு வைங்க, இடம் அடைக்காது" என்று சொல்லாமல் ஒரு வாசலைத் தாண்ட மாட்டார். மிதித்து வைத்த வீட்டுக்கு எடையில் கொஞ்சம் தாராளம் காட்டுவார். பெண்கள், கடைக்காரர்கள், காவலாளிகள் எல்லோரும் டின்னைக் கண்டால் காலைத் தூக்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

இத்தனை காலம் மிதித்ததற்கு வலது முட்டி பழிவாங்கியது. அறுத்துத் தைத்து அனுப்பிய டாக்டர், மிதிக்கிற வேலையை இனி மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். மிதியார் கட்டிலில் கிடந்த மாதங்களில்தான் ஊரில் அந்தப் புது ஏற்பாடு வந்தது. டின்னோ பாட்டிலோ வாங்கும்போதே கடைக்காரர் டெபாசிட் என்று கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொள்வார். காலியானதைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசு கைக்கு வந்துவிடும். சூப்பர் மார்க்கெட் வாசலில் அதற்கென்று ஒரு மெஷினே வைத்துவிட்டார்கள்.

இது வந்த பிறகு தெருவைப் பார்க்க வேண்டும். குப்பை போடாதீர் என்று எழுதி வைத்த பலகையின் கீழேயே பாட்டிலைப் போட்டுவிட்டுப் போனவர்கள், இப்போது காலி பாட்டிலைக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். சாக்கடையில் ஒரு டின் மிதந்தால் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஊருக்குத் திடீரென்று புத்தி வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போட்ட காசு திரும்பி வரவேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது, அவ்வளவுதான். ஆனால் தெரு சுத்தமானது என்னவோ உண்மை.

வண்டி சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மிதியாரின் மனைவி அதை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதுவரை மூட்டை தைப்பதும் கணக்குப் பார்ப்பதுமாக வீட்டோடு இருந்தவள். வெளியே வந்த பிறகு பார்த்தால் அவளுக்குக் கணவனைவிடச் சாமர்த்தியம் அதிகம். வீட்டில் ஒன்றும் இரண்டுமாகச் சேர்வதை ஜனங்கள் தாங்களே மெஷினில் போட்டுக்கொள்வார்கள், மொத்தமாகச் சேரும் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்று கண்டுகொண்டாள். பெரிய ஆபீஸ் ஒன்றின் கேன்டீனில் போய்ப் பேசினாள். கேன்டீனை நடத்தும் அம்மாள் கறாரானவள். ஒரு வாரம் எடுத்துப் பார், திருப்பிக் கொடுத்ததற்கு ரசீதைத் திங்கட்கிழமை என் கையில் கொடு, பாதிக் காசு என் பணியாளர் நிதிக்கு வரவேண்டும், இல்லையென்றால் லாரி வைத்திருக்கும் கம்பெனி ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றாள்.

மிதியாருக்கு இதில் ஒரு சந்தோஷம், ஒரு குடைச்சல். சந்தோஷத்துக்குக் காரணம் சொல்ல வேண்டாம். குடைச்சல் என்னவென்றால், தினமும் காலையில் அவள் செருப்பை மாட்டும்போது இவரும் கைத்தடியை எடுப்பார். அவள் திரும்பிப் பார்த்து, "நீங்க உட்காருங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தை அவருக்கு முட்டியை அறுத்ததைவிட வலித்தது. எழுந்து அவளோடு போக வேண்டும், ஏதாவது ஒன்றுக்காவது உதவ வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

அந்த மெஷினை அவர் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. முட்டி ஒரு சாக்கு. மெஷினுக்குப் பக்கத்துக் கவுண்டரில் நின்றது அவளுடைய தம்பி. கல்யாணமான புதிதில் அந்த மச்சினன், "குப்பை பொறுக்கற ஆளுக்கா எங்கக்காவைக் கொடுத்தோம்" என்று சொன்னது மிதியார் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நல்லது கெட்டதில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. மனைவி வீட்டுக்கு வந்து, மெஷின் அப்படி, தம்பி இப்படி என்று ஆரம்பித்தாலே மிதியார் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். மெஷின் என்றால் எடை போடுகிற ஏதோ ஒன்று என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். எடைக்கடையிலேயே வாழ்நாளைக் கழித்தவருக்கு வேறு என்ன தோன்றும்?

சனிக்கிழமை காலையில் கேன்டீன் சரக்கு வீடு வந்து சேர்ந்தது. கதவை அடைத்துக்கொண்டு நின்ற மூட்டைகளைப் பார்த்து மிதியாருக்கு மலைப்பு. வண்டியின் சக்கரம் ஒன்று ஆட்டம் கண்டிருந்ததால், அதைச் சரிபார்த்து வர மனைவி பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். போகும்போதும் மறக்காமல் சொன்னாள். "நீங்க உட்காருங்க. நான் வந்துடறேன்."

அவர் உட்கார்ந்தார். சமையலறைக்குப் போக வேண்டுமானால் மூட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். இத்தனையையும் வண்டியில் ஏற்றி, கட்டி, சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிற மேட்டில் ஒருத்தியாகத் தள்ள வேண்டுமே என்று நினைத்துப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. வலது காலைத்தானே டாக்டர் கூடாது என்றார், இடது கால் சும்மாதானே இருக்கிறது?

கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு முதல் டின்னைப் படுக்கப் போட்டார். அழுத்து, தட்டு, மிதி. இடது கால் முதலில் போக்குக் காட்டியது, பிறகு வழிக்கு வந்தது. கட்டிலில் கிடந்த காலமெல்லாம் உடம்பிலிருந்து உதிர்ந்து போவதுபோல் இருந்தது அவருக்கு. வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே மிதித்தார். கண்ணாடிப் பாட்டில்கள் மட்டும் தப்பின. மற்ற எல்லாமே தட்டையாகி, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, ஒரே மூட்டைக்குள் அடங்கிவிட்டன. தன் வழக்கமான முடிச்சைப் போட்டு, அதைக் கதவுக்கு நேராக அவள் கண்ணில் படும்படி வைத்தார்.

அவள் வந்தாள். மூட்டையைப் பார்த்தாள். முடிச்சைப் பார்த்தாள். வீட்டுக்குள் வேறு மூட்டை இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டாள்.

"கண்ணாடியைத் தவிர. இனி ஒரே நடையில முடிஞ்சிடும்."

அவள் கத்தியிருந்தால் மிதியார் சமாளித்திருப்பார். அவள் கத்தவில்லை. முடிச்சை அவிழ்த்து ஒரு டின்னை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "இதுல கோடு கோடா ஒண்ணு அச்சடிச்சிருக்கே, அது எங்க காட்டுங்க." அது மடிப்புக்குள் போயிருந்தது. "மெஷின் இதைப் படிச்சாத்தான் காசு. டின் முழுசா இருக்கணும், உருண்டையா இருக்கணும். மிதிச்சதைப் போட்டா துப்பிடும். எத்தனை தடவை சொன்னேன்? நான் சொல்லும்போதெல்லாம் நீங்க டிவியைக் கூட்டினீங்க."

மிதியாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஓடக்கூடிய கால் ஒன்றுதான், அதுதான் இந்த வேலையைச் செய்தது. "எடைக்குப் போட்டா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"போடலாம். டீ குடிக்கத்தான் ஆகும். கேன்டீன் அம்மா கேக்கறது எடைச்சீட்டு இல்ல, ரசீது. திங்கட்கிழமை நான் போய் என்ன சொல்வேன், எங்க வீட்டுக்காரர் ஆசையா மிதிச்சுட்டாருன்னா?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அந்த இடம் கையை விட்டுப் போனா மறுபடி கிடைக்காதுங்க."

மிதியார் அந்த டின்னைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். வெட்கம் ஒருபக்கம் பிடுங்கித் தின்றது. மறுபக்கம் விரல்கள் தாங்களாகவே மடிப்பைத் தேடின. இவ்வளவு நாளும் மிதித்தவருக்கு ஒரு டின் எந்த இடத்தில் எப்படி மடங்கும் என்பது அத்துப்படி. கடைசியாகச் செய்ததை முதலில் பிரிக்க வேண்டும். தலையையும் அடியையும் நிமிர்த்த வேண்டும், அப்புறம் இடுப்பு.

"அந்த உடைஞ்ச கரண்டி இருக்குல்ல, அதோட காம்பைக் கொடு" என்றார். "சைக்கிள் பம்பும் வேணும். பழைய டியூப் ரப்பர் ஒரு துண்டு."

அவள் எடுத்துக் கொடுத்தாள், நம்பிக்கை வந்து அல்ல, வேறு வழி இல்லாமல். ரப்பரில் ஓட்டை போட்டுப் பம்பின் முனையைச் செருகி, பாட்டில் வாயில் வைத்து அழுத்திப் பிடித்தார். அவள் பம்படித்தாள். டப்பென்று பாட்டில் நிமிர்ந்து எழுந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்க வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிளாஸ்டிக் பாட்டில்கள் சொன்னபடி கேட்டன. டின்கள்தான் உயிரை வாங்கின. கரண்டிக் காம்பை வாய்க்குள் விட்டு, உள்ளேயிருந்து மெல்ல நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் மடிப்பு கிழியும், கிழிந்தால் கதை முடிந்தது. விரலெல்லாம் கீறல். அவள் டின்னைத் துணியால் சுற்றிப் பிடிக்க, அவர் நெம்பினார். நிமிர்ந்து வந்த டின்கள் பார்க்கச் சகிக்கவில்லை, துவைத்துப் பிழிந்த சட்டை மாதிரி உடம்பெல்லாம் சுருக்கம். ஆனால் நின்றன.

"சும்மா உட்கார்ந்திருக்க என்னால முடியலம்மா" என்றார் மிதியார், டின்னைப் பார்த்தபடியே. "நீ தினமும் உட்காருங்க உட்காருங்கன்னு சொல்லிட்டுப் போற. நான் என்ன பொம்மையா?"

"எனக்கு மட்டும் தனியாத் தள்ளிட்டுப் போகணும்னு வேண்டுதலா? அந்தக் கால் திரும்பப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு பயம்" என்றாள் அவள். "ஆஸ்பத்திரி வராந்தாவுல நான் உட்கார்ந்திருந்தது உங்களுக்குத் தெரியாது."

அவருக்கு அது நிஜமாகவே தெரியாது. அடுத்த டின்னை எடுத்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். அன்று முழுக்கவும் மறுநாள் காலையும் அதே வேலையாகப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவருமாகச் சூப்பர் மார்க்கெட் போனார்கள். மேட்டில் அவள் தள்ள, அவர் ஒரு கையால் வண்டியின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். யார் யாருக்குத் துணை என்று பார்த்தவர்களால் சொல்ல முடிந்திருக்காது.

மெஷினுக்கு வட்டமாக ஒரு வாய். பாட்டிலை வைத்தால் உள்ளே இழுத்து, உருட்டிப் பார்த்து, பச்சை விளக்கைப் போட்டு விழுங்கியது. பிடிக்காததைச் சிவப்பு விளக்கைப் போட்டு வெளியே தள்ளியது. பாட்டில்கள் எல்லாம் மறுபேச்சில்லாமல் போய்விட்டன. டின்கள் போட ஆரம்பித்ததும் தகராறு. ஒன்றை விழுங்கும், அடுத்ததைத் துப்பும். துப்பியதைத் தட்டிக்கொட்டி மறுபடி வைத்தால் சில சமயம் மனம் மாறும். பின்னால் வரிசை நீண்டது. "மூட்டையோட வந்தா நாங்க எப்ப வீட்டுக்குப் போறது?" என்று ஒருவர் முணுமுணுத்தார். மிதியாருக்குக் காது சுட்டது.

பாதிக்குமேல் மெஷின் ஏற்றுக்கொண்டது. மீதி கூடையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கே கடைச் சட்டை போட்டுக்கொண்டு மச்சினன் நின்றிருந்தான்.

அவன் கூடையை எட்டிப் பார்த்தான். "என்னக்கா இது, லாரி ஏறிடுச்சா?"

"ஆமாடா தம்பி, தெருமுனையில மூட்டை விழுந்து..." என்று அவள் ஆரம்பித்தாள். கணவன் மானத்தைக் காப்பாற்ற லாரி என்ன, ரயிலையே அந்தத் தெருவில் ஓட்டியிருப்பாள்.

"லாரி இல்ல மாப்ள" என்றார் மிதியார். "நான்தான் மிதிச்சேன். தெரியாம மிதிச்சேன்."

அவன் சிரிப்பான் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவன் சிரிக்கவில்லை. ஒரு டின்னை எடுத்து, சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவி, கையில் பிடித்த கருவியைக் கோட்டின்மேல் காட்டினான். பீப் என்றது. "டின் கிழியாம, கோடும் சரியா இருந்தா கையால வாங்கிக்கலாம் மாமா. கிழிஞ்சது முடியாது. மேல கேமரா இருக்கு." ஒவ்வொன்றாக நீவி நீவி எடுத்தான். கடைசியில் கிழிந்த சில டின்கள் மட்டும் மிஞ்சின. "நிமிர்த்தினது யாரு?"

"அதுவும் நான்தான்."

மச்சினன் குனிந்து கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தான். நிறையத் தட்டையான டின்கள். ஒவ்வொன்றிலும் இடுப்பில் குதிகால் பட்ட பள்ளம், தலையும் அடியும் உள்பக்கம் மடங்கியிருந்தன. மிதியாருக்கு அது யார் வேலை என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அவர் வேலைதான், ஆனால் அவர் மிதித்தவை அல்ல.

"தினமும் ஒரு பெட்டி சேருது" என்றான் அவன். "ஆசையா மிதிச்சு எடுத்துட்டு வராங்க. மெஷின் துப்பினதும் என்னைத் திட்டிட்டு இங்கயே போட்டுட்டுப் போறாங்க. வேற ஊர்க் கடையில இப்படி இல்லையாம், எங்க மேனேஜர் தலையைப் பிச்சுக்கறார். நான் என்னன்னு சொல்வேன், எங்க மாமா ஊரையே பழக்கி வெச்சிருக்கார்னா?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் சொன்னா யாரும் கேக்கறதில்ல மாமா. நீங்க சொன்னா கேப்பாங்க."

ரசீதை மனைவி இரண்டு தடவை படித்துவிட்டு மடியில் செருகிக்கொண்டாள். கிளம்பும்போது மிதியார் மச்சினன் தோளை ஒரு தட்டுத் தட்டினார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை அவள் செருப்பை மாட்டினாள். அவர் கைத்தடியை எடுக்கவில்லை, எடுத்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தார். அவள் வாசலில் நின்று, "வரலையா?" என்றாள். அவர் எழுந்த வேகத்தை டாக்டர் பார்த்திருந்தால் கோபித்திருப்பார்.

கேன்டீன் அம்மாள் ரசீதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். பாதிக் காசை வாங்கிப் பெட்டியில் வைத்தாள். "அடுத்த சனிக்கிழமையும் வந்துடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, அது போதும்.

திரும்பும்போது மிதியார் தன் பழைய தெருக்கள் வழியாகப் போகலாம் என்றார். வாசலுக்கு வாசல் நின்று, "இனிமே மிதிக்காதீங்க, முழுசா வைங்க" என்று சொன்னார். "இத்தனை வருஷம் மிதி மிதின்னு உயிரை எடுத்தீங்களே" என்றார் மளிகைக் கடைக்காரர். "ஆபரேஷன்ல முட்டியோட மூளையையும் மாத்திட்டாங்களா?" என்று காவலாளி கேட்டார். மிதியார் எல்லாவற்றையும் வாங்கிக்கட்டிக்கொண்டார். அவருக்கு அந்தக் கேலிகூட இனித்தது.

தெருக் கோடியில் தையல்காரம்மா அவரைப் பார்த்ததும் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். தனியாக இருப்பவள். "வந்துட்டீங்களா? கால் எப்படி இருக்கு? நில்லுங்க" என்று உள்ளே போய், பெரிய பை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். பை நிறையத் தட்டையான டின்கள். அழுத்து, தட்டு, மிதி என்று அவர் சொல்லிக்கொடுத்ததில் இம்மியும் பிசகாமல் மிதித்து, அடுக்கி வைத்திருந்தாள்.

"அந்த மெஷின்ல போட்டா நல்ல காசு வருமாமே, பக்கத்துல எல்லாரும் போடறாங்க" என்றாள். "எனக்கு மனசு வரல. நீங்க எழுந்து வந்து வாசல்ல நின்னா கையை விரிக்கணுமேன்னு உங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்."

மிதியாரின் மனைவி வாயைத் திறந்தாள். கணவனின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். தான் கட்டிலில் கிடந்தபோது ஊர் தன்னை மறந்துவிட்டது என்று அவர் எத்தனை நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இங்கே ஒருத்தி, கிடைக்கிற காசை விட்டுவிட்டு, அவருக்காக மிதித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ரொம்ப நல்லா மிதிச்சிருக்கீங்கம்மா" என்றார் கடைசியில். "நான் எடுத்துக்கறேன். வர்ற காசுல உங்க பங்கைக் கொண்டுவந்து கொடுப்பேன். ஆனா இனிமே மிதிக்காம வைங்க. நானே வந்து வாங்கிக்கறேன்."

பையை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பினார்கள். பிறகு மனைவி பைக்குள் கையை விட்டு ஒரு டின்னை எடுத்து, மடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் மிதிச்சு வெச்சிருக்காங்க. நிமிர்த்த நாலு நாள் ஆகும்" என்றாள்.

"நீ போய் உன் வேலையைப் பாரு. நான் வீட்டுல பார்த்துக்கறேன்."

"டின்னைத் துணியில சுத்தி யாரு பிடிக்கறதாம்?" என்றாள் அவள், டின்னைப் பையில் போட்டுவிட்டு. "சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் உட்காருவோம்."